நாலு விரல் வார்

சுனாமி வந்துபோன அடுத்த வருடம். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற ஒடுங்கிய மணல் நிலத்தில், ஒரு தகரக் கொட்டில் முகாமில் இருந்தேன். கடல் என் வீட்டையும் என் கணவரையும் ஒரே காலையில் கொண்டுபோய்விட்டது. எனக்கென்று மிஞ்சியது ஒரு அண்ணனும், நிவாரணத்தில் கிடைத்த ஒரு தையல் மெஷினும்தான். அனுதாபம் கேட்டு இதை எழுதவில்லை. நான் செய்த ஒரு மடத்தனத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் தையல்காரி. கோணல் தையலைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது. கலியாண வீட்டில் முன்னால் நிற்கிறவளின் சட்டையில் நூல் தொங்கினால், முன்பின் தெரியாதவளாக இருந்தாலும் கத்தரித்துவிட்டுத்தான் மறுவேலை. அதற்கென்றே கைப்பையில் சின்னக் கத்தரிக்கோல் வைத்திருப்பேன். மிச்சம் என்று எதுவும் தொங்கக் கூடாது, அதுதான் நல்ல தையல் என்று பழகியவள்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். அப்படி அண்ணன் வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம் போய்ப் பத்து வருடமாகியிருந்தது. சுனாமிச் செய்தி கேட்டு வாவி கடந்து ஓடி வந்தவர், நான் தனியாகிவிட்டேன் என்று கண்டதும் பாதி நாள் அங்கே பாதி நாள் இங்கே என்று ஆகிவிட்டார். இங்கே இருக்கிற நாட்களில் சும்மா இருக்க அவரால் முடியாது. கரையோரக் கிணறுகளெல்லாம் உப்பும் சேறுமாய் மூடிக் கிடந்தன. அவற்றைத் துப்புரவு செய்ய வந்த ஒரு குழுவில் சேர்ந்துகொண்டார். கிணற்றுக்குள் இறங்குகிறவர் எப்போதும் அண்ணன்தான். எனக்கு மிஞ்சிய ஒரே உறவு தினமும் ஒரு கயிற்றில் தொங்கியது. வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் அவர் மேலே வந்து முகம் கழுவும்வரை எனக்கு மெஷின் ஓடாது.

அந்தக் குழுவில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை இருந்தாள். முப்பது வயது இருக்கும். அவளுடைய நாட்டில் பனி மூடிய மலைகளாம். அதில் ஏறுவதுதான் அவளுக்குப் பொழுதுபோக்காம். அண்ணன் இடுப்பில் வெறும் கயிற்றைக் கட்டி இறங்குவதைப் பார்த்துவிட்டு, மறுநாள் தன் பைக்குள்ளிருந்து உள்ளங்கையளவு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். விரித்தால் இடுப்புக்கு ஒரு பட்டி, தொடைக்கு இரண்டு பட்டி, நடுவில் கயிறு கொளுவ ஒரு வளையம். ஹார்னஸ் என்று சொன்னாள். நாங்கள் பெல்ட் என்றோம். ஒரு பெரிய தோடம்பழத்தின் பாரம்கூட இல்லை. இது ஆளைத் தாங்குமா, ஆள் இதைத் தாங்குவதா என்று நான் பகிடி பண்ணினேன்.

குழுவின் வான் ஓட்டுகிற ஏறாவூர் முஸ்லிம் அண்ணர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அவர்தான் அவளுக்கும் எங்களுக்கும் மொழிபெயர்ப்பு. அவர் மூலமாக விளக்கம் சொன்னாள். பனிமலையில் ஏறுகிறவர்கள் காலில் நீளமான பலகையைக் கட்டிக்கொண்டு போவார்களாம். சரிவில் நிற்கும்போது அந்தப் பலகையைக் கழற்ற முடியாது. அதனால்தான் இந்த பெல்ட்டின் தொடைப் பட்டிகளைக் கழற்றிச் சுற்றிப் பூட்டலாம், காற்சட்டை போடுவதுபோலக் காலைத் தூக்கி நுழைக்க வேண்டியதில்லை என்றாள். நாள் முழுக்க முதுகில் சுமக்கிறவர்களுக்கு ஒவ்வொரு கிராமும் பாரம் என்பதால் இத்தனை மெல்லிசாம். நானா மொழிபெயர்த்து முடித்துவிட்டுத் தன் பங்குக்கும் ஒன்று சொன்னார்.

"மட்டக்களப்புல ஐஸ் கிடைக்கிறது மீன்பெட்டிக்குள்ள மட்டுந்தான் எண்டு இவவுக்கு ஆர் சொல்றது?"

எல்லோரும் சிரித்தோம்.

ஒரு பின்னேரம் அண்ணன் அந்த பெல்ட்டைக் கொண்டுவந்து தந்தார். அதை வைத்துக்கொள்ள ஒரு சின்னப் பை தைத்துத் தரச் சொல்லி அவள் கேட்டிருந்தாள். பை மட்டும்தான் கேட்டாள். நான் பையைத் தைத்தேன். பிறகு அளவு பார்க்கிறேன் என்று பெல்ட்டை அண்ணனுக்குக் கட்டிவிட்டேன். நான் ஒரு தரம் மட்டும் நுழைத்திருந்த இடுப்பு வார், பக்கிள் என்கிற பூட்டைத் தாண்டி ஒரு சாண் நீளத்துக்குத் தொங்கியது. எனக்குக் கை அரிக்கத் தொடங்கிவிட்டது. இவ்வளவு வடிவான சாமானில் இப்படி ஒரு அசிங்கமான வாலா? பக்கிளை ஒட்டினாற்போல வாரை வெட்டி, நுனி பிரியாமல் தீக்குச்சியால் சுட்டு, விரலால் நீவியும்விட்டேன். பார்க்க அழகாக இருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். அன்றைய ஆண்டி நான்.

அந்தப் பிள்ளையிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆள் இறங்குவதற்கு முன்னால் ஒரு மண்மூட்டைக்கு பெல்ட்டைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி ஏற்றுவாள். தினமும், தவறாமல். மூட்டைக்குப் பூசை நடக்கிறது என்று குழுவில் கேலி செய்வார்கள். மறுநாள் காலையில் நான் தைத்த பையைக் கொடுக்கப் போயிருந்தேன், என் கைவேலையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை கேட்கும் ஆசையில். அண்ணன் மூட்டைக்கு பெல்ட்டைக் கட்டினார். வாரைப் பக்கிளுக்குள் விட்டு, திரும்ப மடித்து இன்னொரு தரம் விட வேண்டும். நான் வெட்டியதில் மடிக்க நீளம் இல்லை. இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார். மூட்டை விளிம்பைத் தாண்டித் தொங்கியது. இரண்டு முழம் இறங்கியிருக்கும். வார் பக்கிளை விட்டு நழுவியது. அடுத்த நொடி அடியில் 'தொம்' என்று சத்தம்.

அண்ணன் கிணற்றையும் வெறும் பெல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த மூட்டைக்கு அடுத்ததாக இறங்க இருந்தவர் அவர். நான் மணலில் குந்திவிட்டேன். மறைக்க நினைக்கவில்லை, அந்த ஒரு புண்ணியமாவது இருக்கட்டும். "நான்தான் வெட்டினன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

அவள் ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் வந்து குந்தி, நானாவைக் கூப்பிட்டு, மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். நானா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தங்கச்சி, இவ சொல்றா, பாரத்தைக் குறைக்க வேணுமெண்டு பல்லு விளக்கிற பிரஷ்ஷின்ட காம்பையே பாதியா வெட்டிப்போடுற ஆக்களாம் இவங்க. அப்பிடிப்பட்டவங்க இந்த வால வெட்டாம விட்டிரிக்காங்க எண்டா, அது எதுக்கோதானே இரிக்கும்?"

அந்தக் கேள்வி எனக்குள் அப்படியே இறங்கியது. இருபது வருடம் துணி வெட்டியவள் நான். வெட்டுவதற்கு முன் ஒரு தரம் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாத சாமான் என்ற நினைப்பே வரவில்லை. மடித்துப் பூட்டிய பிறகு குறைந்தது நாலு விரல் நீளம் வெளியே நிற்க வேண்டுமாம். பாரம் விழுந்து வார் கொஞ்சம் இழுபட்டாலும் பக்கிளை விட்டுப் போகாமல் காப்பது அந்த நாலு விரல்தான்.

புது வார் வைத்துத் தருகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள். வீட்டு மெஷினும் சட்டை நூலும் இதற்குக் காணாது என்றாள். எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. கெடுத்தவள் நான், சரிப்படுத்தாமல் விடப்போவதில்லை என்று நின்றேன். கடைசியில் அவள் தன் சுமைப் பையில் இருந்த நல்ல வார் ஒன்றைத் தந்தாள். நானா எங்களைக் காத்தான்குடியில் வாகன இருக்கைக்கு உறை தைக்கிற ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். தடித்த ஊசி, தடித்த நூல், மாடு மாதிரி ஒரு மெஷின். முதல் தரம் தைத்ததை அவள் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். நான் சட்டைக்குத் தைப்பதுபோல வாரின் குறுக்கே நேர்க்கோடாய்த் தைத்திருந்தேன். அப்படித் தைத்தால் ஊசி குத்திய ஓட்டை வழியே தபால் முத்திரை கிழிவதுபோலக் கிழியும் என்று விரலால் காட்டினாள். பிரித்தேன். இரண்டாம் தரமும் அவளுக்குத் திருப்தியில்லை. பிரித்தேன். ஊசி ஏறி என் கட்டைவிரலில் இரத்தம் வந்தது. கடைக்காரர் பொறுக்க முடியாமல், நாளைக்கு வாங்க மகள் என்றார். நான் எழும்பவில்லை. மூன்றாம் தரம் அவள் தையலை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, என் தோளில் தட்டினாள்.

பிறகு ஈரமணல் மூட்டை இரண்டை அதில் ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டாள், இடையிடையே உலுப்பியும் பார்த்தாள். அதோடு முடியவில்லை. தைத்தவள்தான் முதலில் தொங்க வேண்டும் என்றாள். முகாமே கூடிவிட்டது. பாவாடைக்கு மேலே பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, கிணற்றின் மேலே மூன்று மரத்தைக் கூட்டி நிறுத்திய முக்காலியில் நான் தொங்கினேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். பக்கிளுக்கு வெளியே நின்ற வாரில் என் நாலு விரலை வைத்து அளந்து பார்த்தேன், சரியாக இருந்தது. அதன் பிறகு அண்ணன் இறங்கினார்.

படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்கே, சண்டை திரும்பவும் மூண்டபோது நிவாரணக் குழுக்கள் ஒவ்வொன்றாகப் போயின. அவளும் போனாள். போகும்போது பெல்ட்டை அண்ணன் கையில் கொடுத்தாள். அண்ணனின் குடும்பம் உடுத்த துணியோடு வாவி கடந்து எங்கள் பக்கம் வந்தது. ஒரே கொட்டிலில் மச்சாள், மூன்று பிள்ளைகள், நான், தையல் மெஷின். அந்தக் காலத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் முடியாது. யுத்தம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன வருடம், அவர்களுடைய வீட்டுக்கு எல்லோருமாகப் போனோம். மச்சாள் என்னைத் தனியே விட மாட்டேன் என்றுவிட்டார்.

வளவில் சீமெந்து வளையம் இறக்கிய ஒடுங்கிய கிணறு. இருபது அடிக்கு மேல் இருக்கும். ஆளில்லாத வருடங்களில் இலையும் சேறும் நிரம்பிக் கிடந்தது. கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு அண்ணன் அயலவர்களோடு சேர்ந்து இறைத்துத் துப்புரவு செய்தார். இரண்டு நாளும் பெல்ட்டைக் கட்டித்தான் இறங்கினார். மூன்றாம் நாள் மத்தியானம், வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் சாப்பிடப் போன நேரம், வாளி ஒன்று உள்ளே விழுந்துவிட்டது. அண்ணன் வெறும் கயிற்றைப் பிடித்து இறங்கப் பார்த்தார். நான் வாசலில் மெஷினில் இருந்தேன்.

"அண்ணன், பெல்ட்டப் போட்டுத்து இறங்குங்க."

"வாளி ஒண்டு எடுக்க என்னத்துக்குப் புள்ள பெல்ட்டு? இந்தா, போயித்து வாறன்."

எனக்குக் கோபம் வந்தது. சொன்னால் கேட்காத ஆளோடு என்ன கதை என்று தையலைத் தொடர்ந்தேன். அந்த நேரம் எழும்பிப் போய்க் கையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஏதோ உருளும் சத்தமும் ஒரு அலறலும் கேட்டன.

ஓடிப் போய் எட்டிப் பார்த்தேன். அடி வளையம் ஒரு பக்கம் சரிந்து, அதன் கீழால் மணலும் தண்ணீரும் உள்ளே வந்துகொண்டிருந்தன. அண்ணன் தொடைவரை சேற்றுக்குள் நின்றார். ஒரு கை தொங்கிப்போயிருந்தது. அயலவர்கள் ஓடி வந்து கயிறு போட்டார்கள். ஒற்றைக் கையால் கக்கத்தில் சுற்றிக்கொண்டார். இழுத்ததும் கயிறு மேலே ஏறித் தோளில் சிக்க, அவர் போட்ட சத்தத்தில் மச்சாள் மயங்கப் பார்த்தார். ஒருவர் ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளை மிதித்தார். எந்த உதவி வருவதானாலும் வாவி கடந்து வர வேண்டும். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

பக்கத்து வளவுக்காரர் வயல் உழுகிற தன் லேண்ட்மாஸ்டர் மெஷினை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். "கயித்த இதில கட்டுங்க, ஒரே இழுவையில வெளிய வந்துருவார்" என்றார். நல்ல மனிதர்தான், பதற்றத்தில் சொன்னது. நான் லேண்ட்மாஸ்டருக்கு முன்னால் போய் நின்றேன்.

"மனுசன ரெண்டாப் பிச்சி எடுக்கவா போறீங்க? நிப்பாட்டுங்க இத!"

எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கே தெரியாது. நிறுத்திவிட்டார். நான் உள்ளே ஓடிப் பையை எடுத்தேன், நான் தைத்த அதே பை. ஒடுங்கிய கிணறு, சரிந்த வளையம். பாரமான ஆள் இறங்கினால் மிச்சமும் விழும். இருந்தவர்களில் மெலிந்தவள் நான், அந்த பெல்ட்டைப் பூட்டத் தெரிந்தவளும் நான்தான். பிள்ளைகளின் ஊஞ்சல் பலகையைக் கழற்றி, அதில் என்னை இருத்தி இறக்கச் சொன்னேன். வேண்டாம் என்று நாலு பேர் சொன்னார்கள். கேட்கிற நிலையில் நான் இல்லை. கடலுக்கு ஒருவரைக் கொடுத்தாயிற்று, இவரைத் தண்ணீருக்குக் கொடுக்கப் போவதில்லை என்று மட்டும் மனதில் இருந்தது.

கீழே அண்ணனின் முகம் சாம்பலாய் இருந்தது.

"நீ ஏன் புள்ள இறங்கின? ஏறிப் போ. வளையம் விழப்போகுது."

"வாய மூடுங்க. காலத் தூக்கேலாதுதானே? தூக்க வேணாம்."

அதைச் சொல்லும்போதுதான் பனிமலையும் காலில் கட்டிய பலகையும் நினைவுக்கு வந்தன. வேறெந்த பெல்ட்டாக இருந்தாலும் காலைத் தூக்கி நுழைக்க வேண்டியிருக்கும். இதற்குத் தேவையில்லை. இடுப்புப் பட்டியைச் சுற்றினேன். பிறகு கையோடு கொண்டு இறங்கிய தேங்காய்ச் சிரட்டையால் தொடையடிச் சேற்றை வாரி வாரி எடுத்து, பட்டியைப் பின்னால் விட்டு முன்னால் இழுத்துப் பூட்டினேன். ஒரு தொடை முடிந்து அடுத்ததற்குப் போவதற்குள் தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டுவிட்டது. இடுப்பு வாரைப் பக்கிளுக்குள் விட்டேன். மடித்துத் திரும்ப விட வேண்டும். சேறு பட்ட விரல் வழுக்கியது. கலங்கல் தண்ணீருக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. இரண்டு தரம் தவறியது. மூன்றாம் தரம் போனதா இல்லையா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. தடவினேன். பக்கிளுக்கு வெளியே வார் நின்றது. ஒரு விரல் வைத்தேன், இரண்டு, மூன்று, நாலு. நாலாவது விரலுக்குக் கீழேயும் கொஞ்சம் வார் இருந்தது. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே கயிற்றைக் கொளுவினேன்.

மேலே ஆறு பேர் கயிற்றைப் பிடித்தார்கள், முன்னுக்கு மச்சாள். குறுக்கே போட்ட தென்னங்குற்றியில் கயிறு ஓடியது. ஒரேயடியாக இழுக்கக் கூடாது, நான் சொல்லும்போது மட்டும் ஒரு விரற்கடை என்று கத்தினேன். நான் அவர் காலைச் சுற்றிச் சேற்றைத் தோண்டுவேன். அவர் பாதத்தை அசைப்பார். "இழுங்க" என்பேன். கயிறு விறைக்கும். "நிப்பாட்டுங்க" என்பேன். எத்தனை தரம் என்று எனக்குத் தெரியாது. கை மரத்து, சிரட்டை உடைந்து, வெறும் கையால் தோண்டினேன். தண்ணீர் அவர் நெஞ்சுக்கு வந்தது. ஒரு கால் வந்தது. வெகுநேரம் கழித்து அடுத்ததும் வந்தது. என் தலைக்கு மேலால் அண்ணன் மெல்ல மெல்ல ஏறிப் போனதைப் பார்த்துக்கொண்டு பலகையில் இருந்தேன். சேறு சொட்டி என் முகத்தில் விழுந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

என்னையும் எடுத்தார்கள். அன்றிரவு மற்ற வளையங்களும் சரிந்து கிணறு பாதிக்கு மூடிவிட்டது என்று விடியப் போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அண்ணனுக்குத் தோள் பொருந்திவிட்டது. கணுக்கால் பொருந்தவில்லை, இப்போதும் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டு, "உன்ட பேச்சக் கேட்டிருக்கலாம் புள்ள" என்றார். கேட்டிருக்கலாம்தான் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம், அழுதோம்.

அந்த பெல்ட் இப்போது இல்லை. வார் வெயிலிலும் தண்ணீரிலும் பழுதாகும், சில வருடத்துக்குப் பிறகு எவ்வளவு நல்லாகத் தெரிந்தாலும் யாரும் கட்டாதபடி அழித்துவிட வேண்டும் என்று அந்தப் பிள்ளை சொல்லியிருந்தாள். அதன்படி ஒரு நாள் நானே கத்தரிக்கோலை எடுத்துத் துண்டு துண்டாக வெட்டினேன். மச்சாளுக்கு அதை வெட்ட மனமில்லை, சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைப்போம் என்றார். ஆனால் இந்த முறை ஏன் வெட்டுகிறேன் என்று தெரிந்து வெட்டினேன்.

ஒரு துண்டு மட்டும் மெஷினின் கீழே இழுத்துத் திறக்கிற லாச்சிக்குள் கிடக்கிறது. அது முதல் நாள் நான் அழகுக்காக வெட்டிய வால், சுடாமல் விட்ட நுனியில் நூல் பிரிந்தபடி. கடல் என்னிடம் எதையெல்லாம் விட்டுவைத்தது என்று ஒரு காலத்தில் எண்ணிப் பார்த்து மனம் கசந்தவள் நான். இப்போது எதையாவது மிச்சம் என்று வெட்டப் போகும்போதெல்லாம் அந்தத் துண்டின் மேல் நாலு விரலை வைத்துப் பார்க்கிறேன், அப்போது வாசலில் அண்ணன் காலை இழுத்து நடந்து வரும் சத்தம் கேட்டால் கத்தரிக்கோலைத் திரும்ப வைத்துவிடுகிறேன்.